பிராய்லர் கோழி தின்றால் பிள்ளைகள் சீக்கிரம் வயசுக்கு வருவார்களா?

கோபி அம்மிணி:
எங்கள் தெருவில் போன மாதம் நான்காவது படிக்கிற பிள்ளைக்குத் திரட்டிச் சீர் வைத்தார்கள். எங்கள் காலத்தில் எட்டாவது, ஒன்பதாவதில்தான் நடக்கும். 40 நாளில் 2 கிலோ ஆகிற கோழியை வாராவாரம் ஆக்கிப் போட்டால் பிள்ளையும் அப்படித்தானே வளரும்? ஊசி போட்ட கறி என்று ஊருக்கே தெரியும்.

பல்லடத்தான்:
அம்மிணி, நான் பண்ணை வைத்திருக்கிறேனுங்க. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி இறக்கிவிடும், கொட்டகையும் கரண்டும் ஆளும் நம்முடையது, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. ஒரு கொட்டகையில் 5000 குஞ்சு, ஒவ்வொன்றாகப் பிடித்துத் தினம் ஊசி போட்டால் கிடைக்கிற கூலி ஆளுக்கே போய்விடும். நாங்கள் கொடுப்பது தடுப்பு மருந்து. வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரம் கண்ணில் ஒரு சொட்டு, அப்புறம் கம்போரோ என்ற கோழி நோய்க்குத் தண்ணீரில். குளோரின் இருந்தால் மருந்து செத்துப்போகும் என்று பால் பவுடரைக் கலப்போம், வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறவர் அந்த வெள்ளைத் தண்ணீரைப் பார்த்து என்னென்னவோ சொல்கிறார்.

நொய்யல்கரை:
ஊசி வேண்டாம், தீவனத்தில் கலந்தால் முடிந்ததே.

சத்தி லேப்காரர்:
கலந்தாலும் பலிக்காதுங்க. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், மனிதனுடையதில் 191 அமினோ அமிலம். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி அதை விட்டுவிட்டுச் சுரக்கும், ஆழ்ந்து தூங்கும்போது அதிகம். அது கல்லீரலைத் தூண்டி ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனை வரவழைக்கும், இரண்டும் சேர்ந்துதான் எலும்பு நுனியில் உள்ள குருத்தை நீள வைக்கின்றன. வாய் வழியாகப் போனால் மற்ற புரதம் மாதிரி வயிற்றிலேயே செரித்துவிடும். சர்க்கரைக்காரர்கள் இன்சுலினை விழுங்காமல் குத்திக்கொள்வது எதற்காம்? பன்றி, மாட்டு இன்சுலினாவது ஊசியில் போட்டால் மனிதனுக்கு வேலை செய்தது. மாட்டு வளர்ச்சி ஹார்மோன் ஊசியில் போட்டும் பலிக்கவில்லை, 1985 வரை இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்துத்தான் வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்குப் போட்டார்கள். கோழியுடையது கறி வழியாகப் போய்ப் பலிக்குமா?

நொய்யல்கரை:
புரதத்தை மட்டும் பேசித் தப்பிக்காதீர்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்குகிறார்களே, அது ஹார்மோன் இல்லையா? கருத்தடை மாத்திரை? பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போன்றவை செரிக்காமல் ரத்தத்தில் சேரும். அமெரிக்காவில் டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கோழிக் கழுத்தில் தோலுக்கடியில் வைத்து வளர்த்தார்கள், 1959இல் தடை வந்தது. மாட்டுக் காதில் வேறு ஹார்மோன்களை இன்றைக்கும் வைக்கிறார்கள். அங்கே நடந்தது இங்கே நடக்காதா?

சத்தி லேப்காரர்:
இது நியாயமான கேள்வி. ஈஸ்ட்ரோஜன் மாதிரி ஸ்டீராய்டு வகை வாய் வழியாகவே வேலை செய்யும், தைராய்டு ஹார்மோனும் சின்ன மூலக்கூறு என்பதால் தப்பித்துவிடும். ஆனால் இன்றைய கோழியின் வேகத்துக்கு அது தேவையே இல்லை. கனடாவில் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் கோழி ரகங்களை ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56ஆம் நாள் முதல் ரகம் 900 கிராம், இரண்டாவது 1.8 கிலோ, மூன்றாவது 4.2 கிலோ. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததில் வந்த வித்தியாசம் அது.

கோபி அம்மிணி:
சரி, அப்படியானால் பிள்ளைகளுக்கு ஏன் இப்படி ஆகிறது?

சத்தி லேப்காரர்:
பெரும்பாலும் உடம்புக் கொழுப்புங்க அக்கா. கொழுப்புச் செல்கள் லெப்டின் என்று ஒன்றைச் சுரக்கும், 1994இல்தான் கண்டுபிடித்தார்கள். உடம்பில் போதுமான கையிருப்பு இருக்கிறது என்று அது மூளையில் உள்ள ஹைப்போதலாமஸுக்குச் சொல்கிறது, அப்புறம் பிட்யூட்டரி வழியாகச் சினைப்பைக்கு உத்தரவு போகும், ஈஸ்ட்ரோஜன் வரும். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் 16, 17 வயதில் வந்த முதல் மாதவிடாய், அடுத்த நூறு வருசத்தில் 13க்கு இறங்கியது. முக்கியமாகச் சாப்பாடும் சுகாதாரமும் மேம்பட்டதால். இந்தக் கோழி பரவலாகும் முன்பே நடந்தது இது. இங்கே தினமும் பள்ளி விட்டதும் பேக்கரி பப்ஸ், ரோட்டோரக் காளான், டியூசன், இரவு 11 மணி வரை செல்போன். கறியை மட்டும் குற்றம் சொன்னால் இதெல்லாம் அப்படியே தொடரும், அதுதான் என் கவலை.

நொய்யல்கரை:
ஹார்மோனை விடுங்கள், ஆன்டிபயாட்டிக்? கோழி, கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுப்பதை 2019இல் மத்திய அரசு தடை செய்ததே?

பல்லடத்தான்:
அதில் உங்கள் பக்கம்தான் நானும். விற்பதற்குச் சில நாள் முன்பே மருந்தை நிறுத்த வேண்டும், எல்லாரும் ஒழுங்காக நிறுத்துகிறார்களா என்று கேட்டால் என்னால் சத்தியம் பண்ண முடியாது.

கோபி அம்மிணி:
என் அக்கா மகளுக்கு ஏழரை வயசு, மார்பு லேசாக எடுத்திருக்கிறது. உயரமாகவும் இருக்கிறாள், நல்ல வளர்த்தி என்று வீட்டில் சந்தோசப்படுகிறார்கள்.

சத்தி லேப்காரர்:
தள்ளிப்போடாதீர்கள். பெண் பிள்ளைக்கு 8 வயசுக்கு முன்னால், பையனுக்கு 9க்கு முன்னால் மாற்றம் தெரிந்தால் குழந்தை ஹார்மோன் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஈஸ்ட்ரோஜன் முதலில் மளமளவென்று உயர்த்தும், அப்புறம் எலும்புக் குருத்தைச் சீக்கிரமே மூடிவிடும், கடைசியில் பிள்ளை குட்டையாக நின்றுவிடலாம். இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பின் வயசு தெரிந்துவிடும். தேவைப்பட்டால் வயசுக்கு வருவதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்க ஊசியும் இருக்கிறது.

கோபி அம்மிணி:
அக்காவிடம் இப்போதே பேசுகிறேன். கோழி விசயத்தில் நான் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, அதை அப்புறம் பேசலாம்.