புதுப்பிப்பு: குப்பி கறுத்தது, லேப் அறிக்கையில் மட்டும் பூஜ்யம்

பெங்களூரில் எங்கள் அடுக்ககத்து டேங்கர் தண்ணீர், வீட்டிலேயே சோதிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு குப்பியில் (மாசுக் கிருமி இருந்தால் கறுக்கும்) மறுநாளே கறுக்கிறது, லேபோ கோலிஃபார்ம் (மாசைக் காட்டும் பாக்டீரியா) இல்லை என்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

"குளோரினை முறித்து அனுப்புங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. வாட்ச்மேன் சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போட்ட கையோடு, பழைய மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து அனுப்பியிருக்கிறேன்! மிச்சக் குளோரின் வழியெல்லாம் கிருமிகளைக் கொன்றுகொண்டே போயிருக்கிறது.

இம்முறை லேபிலேயே குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் போட்ட, கிருமி நீக்கிய பாட்டில் வாங்கினேன். குழாய்ச் சல்லடையைக் கழற்றி, 2 நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து 2 மணி நேரத்தில் கொடுத்தேன். 100 மில்லியில் கோலிஃபார்ம் 14, ஈ.கோலி (மலக் கலப்பைக் காட்டும் கோலிஃபார்ம் வகை) இல்லை. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 படி இரண்டுமே தென்படக் கூடாது.

நான் எதிர்பார்க்காதது: அந்தக் குப்பி மருந்திலேயே தயோசல்பேட் உண்டு. அதனால்தான் அது ஏமாறவில்லை.

அப்புறம், மொத்த உயிருள்ள பாக்டீரியாவை எண்ண ஆர்2ஏ அகார் (சத்துக் குறைந்த வளர்ப்பு ஊடகம்) சொன்னவருக்கு: 5 முதல் 7 நாள் வைக்க வேண்டும் என்றதும் லேபில் உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள். சம்ப் கழுவ ஞாயிறன்று ஆள் வருகிறது.