புதுப்பிப்பு: டேப்பா, மவுஸா?

கிளிநொச்சி நெல் கொள்வனவுக் கடைக்கான சுவிங் (ஜாவாவில் திரைச் சாளரங்களை அமைக்கும் கருவித்தொகுப்பு) மென்பொருளில், நெல்லின் நிறையை உள்ளிடும் பெட்டியிலிருந்து டேப் விசையை அழுத்தி வெளியேறினார்களா, கிளிக் செய்தார்களா என்று எப்படி அறிவது எனக் கேட்டிருந்தேன். வழி கிடைத்துவிட்டது!

ஃபோகஸ் (தட்டச்சு எந்தப் பெட்டிக்குப் போகிறது என்பது) மாறும்போது வரும் ஃபோகஸ்ஈவென்டில், மாறிய காரணத்தைச் சொல்லும் கெட்காஸ் ஜாவா 9 முதல் உண்டு. டேப் என்றால் டிராவர்சல்_ஃபார்வர்ட், ஷிஃப்டும் சேர்ந்தால் டிராவர்சல்_பேக்வர்ட். மவுஸ்_ஈவென்ட் என்றொரு மதிப்பும் இருக்கிறது. விசை அழுத்தங்களைக் கவனிக்கும் கீலிஸனரில் டேப்பைத் தேடுவது வீண். ஃபோகஸை நகர்த்தும் விசை என்பதால், இயல்பான அமைப்பில் அது அங்கே வந்தே சேராது.

அப்புறம், வேறு சாளரத்துக்குத் தாவினால் ஃபோகஸ் போனது தற்காலிகமா என்று சொல்லும் இஸ்டெம்பரரி உண்மை என்று வரும். அப்போது நிறையைச் சரிபார்க்கவே கூடாது. இரணைமடு வயல் நெல்லோடு விவசாயிகள் காத்து நிற்கையில் வீணான எச்சரிக்கை திரையை மறிப்பதை என்னால் ஏற்க முடியாது.