விமானந்தாங்கிக்குக் காவல் போகும் கப்பல்: என் கற்பனை வரைபடத்தில் எதைக் குறைப்பது?

கப்பலூர் வரைபடக்காரி (கேள்வி)

வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில் பஸ் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் வரைபடம் போடுவது என் வேலை. போர்க்கப்பல் வடிவமைப்பில் பள்ளிக்கூட நாளிலிருந்தே தீராத ஆசை. இப்போது ஒரு கற்பனைக் கப்பலை ஏராவிலிருந்து (அடிமரம்) ரேடார் வரை முழுதாக வரைந்துகொண்டிருக்கிறேன். ஐ.என்.எஸ். விக்ராந்த் போன்ற விமானந்தாங்கிக்குக் காவலாகப் போவது ஒன்றே அதன் வேலை. கரையைத் தாக்குவது, எதிரிக் கப்பலைத் தேடிப் போய் அடிப்பது என்று வேறு பொறுப்பு எதுவும் அதன் தலையில் கட்ட விருப்பமில்லை.

நம் விசாகப்பட்டினம் வகை நாசகாரிக் கப்பல் 163 மீட்டர் நீளம், ஏறத்தாழ 7,400 டன். அதைவிடச் சற்றுப் பெரிதாக 165 மீட்டர், 9,000 டன் என்று தொடங்கினேன். வேகம் 34 நாட் (மணிக்கு 34 கடல் மைல்). ஏவுகணை செலுத்தும் செங்குத்து ஏவுகுழாய் 128. ஹெலிகாப்டர் இரண்டு, ஒலியால் நீர்மூழ்கியைத் தேடும், பின்னால் இழுத்துச் செல்லும் சோனார் ஒன்று. ரேடார் நீர்மட்டத்திலிருந்து 36 மீட்டர் உயரத்தில்.

எடைப் பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் இவ்வளவும் 9,000 டன்னுக்குள் அடங்கவில்லை. அமெரிக்காவின் டைகொண்டரோகா வகையில் 122 குழாய் இருக்கிறது. அந்தக் கப்பல் என்னுடையதைவிடக் கனமானது. ஏதோ ஒன்றில் கைவைத்தாக வேண்டும்.

ரேடாரை விடத்தான் எனக்கு மனம் வரவில்லை. கணக்கைச் சொல்கிறேன். பூமி உருண்டை என்பதால் ரேடார் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அடிவானத்துக்குக் கீழே இருப்பதைப் பார்க்காது. உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12 ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். ரேடார் 25 மீட்டரில் இருந்தால் 20.6. அலைக்கு மேலே 5 மீட்டரில் வரும் ஏவுகணைக்கு 9.2. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஏவுகணை அந்தத் தூரத்தை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். ரேடாரை 36 மீட்டருக்கு ஏற்றினால் தூரம் 34 கிலோமீட்டர் ஆகிறது. கூடுதலாகக் கிடைப்பது 16 விநாடி. 1982 மே 4 அன்று ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் ஷெஃபீல்டு கப்பலை எக்ஸோசெட் ஏவுகணை தாக்கிய விவரங்களைப் படித்தவர்களுக்கு 16 விநாடியின் மதிப்பு புரியும்.

அதற்கு நான் கொடுக்கும் விலை: ரேடாரும் அதைத் தாங்கும் அமைப்புமாக 60 டன் என்று வைத்திருக்கிறேன். அதை 11 மீட்டர் மேலே ஏற்றினால் 9,000 டன் கப்பலின் ஈர்ப்பு மையம் 7 சென்டிமீட்டர் உயர்கிறது. கப்பல் சாய்ந்தால் நிமிர்வதற்கு நான் வைத்திருக்கும் நிலைப்பு உயரமே ஒரு மீட்டரை ஒட்டித்தான்.

வேகமா, குழாயா, ரேடார் உயரமா? கடலில் இருந்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உசிலம்பட்டி எஞ்சின் அறை

அம்மா, முதலில் வேகத்தைக் குறையுங்கள். கடற்படையில் எஞ்சின் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான், லோனாவாலா ஐ.என்.எஸ். சிவாஜியில் பயிற்சி. அதனால் இந்த ஒரு விஷயத்தில் அடித்துச் சொல்வேன்.

விக்ராந்தின் உச்ச வேகம் 28 நாட். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் விமானந்தாங்கி காற்றை எதிர்த்துத் திரும்பி வேகமெடுக்கும். அது எந்தப் பக்கம் திரும்பினாலும் காவல் கப்பல் தன் இடத்தைப் பிடிக்க ஓட வேண்டும். அதற்கு இரண்டு நாட் மிச்சம் இருந்தால் போதும், மூன்று இருந்தால் தாராளம். 34 எதற்கு? தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 34லிருந்து 30க்கு இறங்கினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி மிச்சம். டர்பைன், கியர், புகைபோக்கி, காற்றுக் குழாய், எரிபொருள் எல்லாமே சேர்ந்து சுருங்கும். உங்கள் எடைப் பட்டியலில் பாதித் தலைவலி அங்கேயே தீர்ந்துவிடும்.

உச்ச வேகத்தில் கப்பல் வாழ்நாளில் கொஞ்ச நேரம்தான் ஓடும். மற்ற நேரமெல்லாம் 14, 16, 18 நாட். அந்த வேகத்தில் எத்தனை கடல் மைல் போகும் என்பதுதான் காவல் கப்பலின் தகுதி. விக்ராந்துக்கு 7,500 கடல் மைல் சொல்கிறார்கள். உங்கள் கப்பல் பாதியிலேயே எரிபொருளுக்குக் கையேந்தினால், ஐ.என்.எஸ். தீபக், சக்தி மாதிரி எண்ணெய்க் கப்பல் பக்கத்தில் நேர்கோட்டில் மணிக்கணக்காக ஓட வேண்டும். குழாய் மாட்டியிருக்கும் அந்த நேரத்தில் இரண்டு கப்பலும் நினைத்தபடி திரும்ப முடியாது. நீர்மூழ்கிக்காரன் காத்திருப்பது அதற்குத்தான்.

கேஸ் டர்பைனைக் குறைந்த சுமையில் ஓட்டினால் எரிபொருளை வீணாகக் குடிக்கும். அதனால்தான் ஷிவாலிக் வகையில் சாதாரண ஓட்டத்துக்கு டீசல், வேக ஓட்டத்துக்கு டர்பைன் என்று பிரித்தார்கள். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

இன்னொன்றை யாரும் வரைபடத்தில் யோசிப்பதில்லை. டர்பைனின் சக்தியைக் கணக்கிடுவது 15 டிகிரி காற்றில். மே மாதம் அரபிக் கடலில் 15 டிகிரி காற்று எங்கே இருக்கிறது? சூடான காற்று மெலிந்த காற்று. அதே டர்பைன் குறைவாகத்தான் தள்ளும். கூடவே உப்பு வேறு. காற்று இழுக்கும் வாயில் வடிகட்டி இருந்தும் கம்ப்ரசர் இதழ்களில் மெல்லிய வெள்ளைப் படலம் படியும். விரலால் தடவினால் நறநறவென்று இருக்கும். நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டால் டர்பைனின் சத்தமே மாறும். அந்தக் கழுவலுக்கு நன்னீர் வேண்டும், ஆள் நுழைய இடம் வேண்டும், சூடு ஆறும் வரை டர்பைனை நிறுத்தி வைக்கவும் வேண்டும். இடுக்கில் திணித்து வைத்துவிட்டு, பராமரிப்பவன் எப்படியாவது பார்த்துக்கொள்வான் என்று விடாதீர்கள்.

பிரிட்டனின் டைப் 45 கப்பலைப் பாருங்கள். அருமையான ரேடார், 48 ஏவுகுழாய். ஆனால் அதன் டர்பைனில் காற்றைக் குளிர்விக்கும் பகுதி வெப்பக் கடலில் திணறியது. டர்பைன் நின்றபோது முழுச் சுமையும் தலா 2 மெகாவாட் டீசல் ஜெனரேட்டர் இரண்டின் மேல் விழ, அவையும் தாங்காமல் கப்பலே இருண்டது. இப்போது அவற்றை எடுத்துவிட்டு மூன்று பெரிய ஜெனரேட்டர்கள் பொருத்துகிறார்கள். மின்சாரம் இல்லாத கப்பலில் உங்கள் 36 மீட்டர் ரேடார் வெறும் இரும்புதான்.

தூத்துக்குடி துறைமுகம்

எரிபொருள்தான் பிரச்சினை என்றால் அணு உலை வைத்துவிடலாமே? 1964இல் அமெரிக்காவின் அணுசக்தி விமானந்தாங்கி என்டர்பிரைஸும் அதன் அணுசக்திக் காவல் கப்பல்கள் லாங் பீச், பெயின்பிரிட்ஜ் இரண்டும் வழியில் எரிபொருளே நிரப்பாமல் உலகைச் சுற்றி வந்தனவே.

உசிலம்பட்டி எஞ்சின் அறை

சுற்றி வந்தது உண்மை. ஆனால் அணு உலை வைத்த காவல் கப்பல்கள் அத்தனையையும் அமெரிக்கா 1990களில் ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. உலைக்கு எரிபொருள் மாற்றும் செலவு, அதற்கென்று தனியாகப் பயிற்சி பெற்ற ஆட்கள் என்று பணக்கார நாட்டுக்கே கட்டுப்படியாகவில்லை. விமானந்தாங்கிக்கு உலை வைக்கலாம்; காவல் கப்பலுக்கு வேண்டாம், அண்ணாச்சி.

மேலூர் இயற்பியல் ஆசிரியர்

வரைபடக்காரியின் ரேடார் கணக்கு சரி. ஆனால் ஒலியைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வேகமாக, விநாடிக்கு 900 மீட்டர் என்று வரும் ஏவுகணைக்கு இதே கணக்கைப் போடுங்கள். 30 கிலோமீட்டருக்கு 33 விநாடி. கம்பத்தை உயர்த்திச் சம்பாதித்த 4 கிலோமீட்டர் அங்கே நாலரை விநாடி ஆகிவிடுகிறது. இந்தப் போட்டியில் கம்பத்தை வைத்து ஜெயிக்க முடியாது. 3,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் காமோவ் 31 ஹெலிகாப்டரின் ரேடாருக்குக் கணக்கிட்டால் 235 கிலோமீட்டர் வருகிறது. தாழப் பறப்பதைக் காணும் கண் விமானந்தாங்கியின் மேல்தளத்திலிருந்து கிளம்பிப் போகட்டும். அது சொல்லும் தகவலை வாங்கி உடனே ஏவுகணையைச் செலுத்தும் இணைப்பு உங்கள் கப்பலில் பலமாக இருக்கட்டும். ஆனால் ஹெலிகாப்டர் இருபத்து நான்கு மணி நேரமும் மேலேயே இருக்காது. அதனால் கம்பத்தை ஒரேயடியாகத் தாழ்த்தவும் சொல்ல மாட்டேன்.

நடுவழி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் பர்க் வகை நாசகாரியில் நான்கு பக்கமும் பதித்த ரேடார் கனமானது, அதனால் தாழ்வாக இருக்கிறது. டைப் 45இல் இரண்டே முகம் கொண்டு சுழலும் ரேடார். எடை குறைவு என்பதால் கம்பத்தின் உச்சியிலேயே உட்கார்ந்திருக்கிறது. உங்கள் 60 டன்னில் பெரும்பகுதியை அப்படிக் கழிக்கலாம்.

சோனார் பற்றி நீங்கள் ஒரே வரியோடு விட்டது எனக்கு வருத்தம். 1971 டிசம்பர் 9 அன்று டையூ அருகே நம் போர்க்கப்பல் குக்ரியை மூழ்கடித்தது ஏவுகணை அல்ல, ஹங்கோர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி. கேப்டன் மகேந்திர நாத் முல்லாவோடு 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். விமானந்தாங்கிக்கும் பெரிய எமன் தண்ணீருக்குள்தான் இருக்கிறான்.

நம் வெப்பக் கடலில் ஒலி நேராகப் போகாது. கோடையில் மேலூர் நான்குவழிச் சாலையில் தூரத்தில் தண்ணீர் தேங்கியது போலத் தெரியும் அல்லவா? தார் மேலுள்ள சூடான காற்றை விட்டு, வேகம் குறைவான குளிர்ந்த காற்றின் பக்கம் ஒளி மேல்நோக்கி வளைவதால் வரும் தோற்றம் அது. கடலில் அதே விதி தலைகீழாக வேலை செய்கிறது. வெயிலில் சூடான மேல்நீரில் ஒலியின் வேகம் அதிகம், கீழே குளிர்ந்த நீரில் குறைவு. அதனால் சோனார் அனுப்பும் ஒலி கீழே வளைந்து போய்விடும். சற்றுத் தொலைவில் அதிக ஆழமில்லாமல் நிற்கும் நீர்மூழ்கி அந்த நிழலுக்குள் ஒளிந்துகொள்ளும். காலையில் நன்றாகக் கேட்ட சோனார் பிற்பகலில் மந்தமாவதை உலகக் கடற்படைகள் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே அறியும். வகுப்பில் ஒளிவிலகல் நடத்தும்போது இதையும் நடத்துவேன்.

எனவே அடிப்பகுதியில் பதித்த சோனார் மட்டும் போதாது. அந்த வெப்ப அடுக்குக்குக் கீழே இறக்கக்கூடிய இழுவை சோனாரும், கயிற்றில் சோனாரைத் தொங்கவிட்டுத் தேடும் ஹெலிகாப்டரும் வேண்டும். நம் கடற்படையில் 2024இல் ரோமியோ ஹெலிகாப்டர்களுக்கு கொச்சியில் தனி அணியே தொடங்கிவிட்டார்கள். அதை உள்ளே நிறுத்தும் அளவுக்குக் கொட்டகை வரையுங்கள். ஏவுகுழாய் குறைந்தாலும் பரவாயில்லை.

கப்பலூர் வரைபடக்காரி

ஐயா, சார், இருவருக்கும் நன்றி. நேற்றிரவே திருத்தத் தொடங்கிவிட்டேன். வேகம் 30 நாட். ஓட்டத்துக்கு இரண்டு டீசல், விரட்டலுக்கு இரண்டு டர்பைன். ரேடார் சுழலும் வகை, உயரம் 34 மீட்டர். கொட்டகையை அகலப்படுத்தியதில் பின்புற ஏவுகுழாய்க் கட்டு முழுவதும் போய்விட்டது. இப்போது மொத்தம் 80.

80 போதுமா என்பதில் எனக்கு ஒரு நியாயம் இருக்கிறது. காலியான குழாயை நடுக்கடலில் நிரப்ப முடியாது, துறைமுகம் போயாக வேண்டும் என்பதால் அதிகம் வேண்டும் என்பார்கள். ஆனால் ஒரே கப்பலில் 128 வைத்தால், அந்த ஒரு கப்பல் அடிபட்டதும் 128உம் போய்விடும். விமானந்தாங்கியைச் சுற்றி ஒன்றுக்கு மூன்று கப்பல் நிற்கட்டும். ஃபாக்லாந்திலேயே, 1982 மே 25 அன்று, பிரிட்டனின் கோவென்ட்ரி, பிராட்ஸ்வோர்டு என்ற இரண்டு கப்பலும் சேர்ந்து நின்றன. தாக்க வந்த விமானங்களைப் பிராட்ஸ்வோர்டு குறிவைத்த நேரத்தில் கோவென்ட்ரி குறுக்கே வந்து பார்வையை மறைத்துவிட்டது, கோவென்ட்ரி மூழ்கியது. யார் எந்தத் திசையைப் பார்ப்பது, எவ்வளவு இடைவெளி விடுவது என்பதும் வடிவமைப்புதான் என்று நினைக்கிறேன். அதனால் பக்கத்துக் கப்பலின் ரேடார் கண்டதைக் கொண்டே என் கப்பல் சுடக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதைத் தேவைப் பட்டியலின் முதல் வரியாகச் சேர்த்துவிட்டேன்.

நீளத்தை மட்டும் 165லிருந்து 172 ஆக்கியிருக்கிறேன். கோவென்ட்ரி சேர்ந்த டைப் 42 வகையில் முதலில் கட்டியவை 125 மீட்டர். கடைசியாகக் கட்டிய நான்கை 141 மீட்டராக நீட்ட வேண்டிவந்தது. பிற்காலத்தில் எதையாவது சேர்க்க இடம் வேண்டும்.

உசிலம்பட்டி எஞ்சின் அறை

நீளத்தைக் கூட்டியது நல்ல முடிவு அம்மா. நீண்ட கப்பல் அதே வேகத்துக்குக் குறைந்த சக்தி கேட்கும், அலையிலும் மூக்கு குத்துவது குறையும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நிலைப்புக் கணக்கை எந்த நிலையில் போட்டீர்கள்? எரிபொருள் தொட்டிகள் கப்பலின் அடியில் இருக்கின்றன. ஓட ஓட அந்த அடிக்கனம் கரைந்துகொண்டே வரும். மேலே ரேடாரும் ஏவுகணையும் அப்படியே இருக்கும். ஆக, நீங்கள் பயப்பட வேண்டிய நிலை புறப்படும் நாள் அல்ல, திரும்பி வரும் நாள். அதிலும் பாதி நிறைந்த தொட்டியில் எண்ணெய் பக்கவாட்டில் அலைந்து, சாய்ந்த பக்கமே இன்னும் சாய்க்கும். பர்க் வகையில் எரிபொருள் குறையக் குறையக் கடல்நீரை அடியில் விட்டுத் தொட்டியை எப்போதும் நிறைத்தே வைக்கிறார்கள். அதைச் செய்தால் தண்ணீர் கலந்த எண்ணெயைச் சுத்திகரிக்கும் கருவிக்கு எஞ்சின் அறையில் இடம் ஒதுக்க வேண்டும். டர்பைனுக்குள் உப்புநீர் போனால் அதோடு முடிந்தது.

தொட்டிகளை நடுவில் தடுப்பு வைத்துச் சிறிது சிறிதாகப் பிரித்து வரையுங்கள். நிறை தொட்டி, பாதித் தொட்டி, கால் தொட்டி மூன்றுக்கும் தனித்தனியே நிலைப்பு உயரம் கணக்கிட்டு இங்கேயே போடுங்கள். கால் தொட்டிக் கணக்கில் தேறவில்லை என்றால் 34 மீட்டரை 31 ஆக்க வேண்டிவரும். அதற்கு மேலூர் சார் சம்மதிக்கிறாரா என்று பார்ப்போம்.