தரங்கம்பாடிக் கட்டுரையும் அடிக்குறிப்பில் விட்டுப்போன மொழியும்

கதிர்: எல்லாருக்கும் வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் தரங்கம்பாடிக் கட்டுரையை விரிவாக்கிக்கொண்டிருக்கிறேன். 1620இல் ரகுநாத நாயக்கரோடு டேனியர் ஒப்பந்தம் போட்டதிலிருந்து 1845இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றது வரை எழுதியாகிவிட்டது. சான்றும் போட்டிருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

சாந்தி அத்தை: படித்தேன் கதிர், கோட்டை கட்டிய பகுதி நன்றாக வந்திருக்கிறது. ஆனால் சின்ன எண்ணைத் தொட்டு உள்ளே போனால் என்ன மொழி என்றே தெரியாத பக்கம் திறக்கிறது. அடுத்ததைத் தொட்டால் அதுவும் அப்படித்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

கதிர்: அது டேனிஷ் அத்தை. இன்னொன்று ஜெர்மன். தமிழில் இந்த விவரமெல்லாம் கிடைக்கவில்லை, அதனால்தான்.

மகேஷ்: ஞாயிற்றுக்கிழமை வேன் எத்தனை மணிக்கு?

சாந்தி அத்தை: ஆறு மணிக்கு மகேஷ், பிள்ளைகளைக் கிளப்பி வை.

ராமன் சித்தப்பா: கதிர், டேனிஷ் நூலைச் சான்றாகக் கொடுத்ததில் தப்பே இல்லை. தரங்கம்பாடி சுமார் 225 வருஷம் அவர்கள் கையில் இருந்த ஊர், கணக்கும் கடிதமும் அவர்கள் மொழியில்தான் இருக்கும். எந்த மொழியில் இருந்தாலும் நம்பகமான சான்று சான்றுதான். ஆனால் அத்தை கேட்பது நியாயம். தொடுவதற்கு முன்னாலேயே அது எந்த மொழி என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேற்கோள் வார்ப்புருவில், அதாவது சான்றின் விவரங்களை நிரப்பும் படிவத்தில், அதற்கென்றே மொழிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பினால் அடிக்குறிப்பிலேயே என்ன மொழி என்று காட்டிவிடும். நீ பல இடங்களில் காலியாக விட்டிருக்கிறாய்.

கதிர்: சில இடத்தில் போட்டிருக்கிறேன் சித்தப்பா. டென்மார்க்குக்கு டிகே (dk) என்று.

ராமன் சித்தப்பா: அதைப் பார்த்தேன். டிகே என்பது நாட்டின் குறி. டேனிஷ் மொழிக்குக் குறி டிஏ (da). வார்ப்புரு கேட்பது மொழியின் குறியை, நாட்டின் குறியை அல்ல. டிகே என்று எந்த மொழிக்கும் குறி இல்லாததால் அது அப்படியே அடிக்குறிப்பில் நிற்கும், பார்க்கிறவருக்கு ஒன்றும் புரியாது. இதாவது பரவாயில்லை, கண்ணில் பட்டால் யாராவது திருத்திவிடுவார்கள். ஸ்வீடிஷுக்கு எஸ்வி (sv) போட வேண்டிய இடத்தில் நாட்டை நினைத்து எஸ்இ (se) போட்டால் அது வட சாமி என்கிற வேறு மொழியாகிவிடும். லண்டனில் அச்சான நூல்தானே என்று யுகே (uk) போட்டால் உக்ரைனிய மொழி என்று வரும். வார்ப்புரு எந்தப் பிழையும் காட்டாது, ஏனென்றால் அதன் பார்வையில் அவை சரியான குறிகள். தப்பு வருஷக்கணக்கில் கண்ணில் படாமல் கிடப்பது இப்படித்தான்.

மீனா அக்கா: இப்போதுதான் ஆபீஸ் முடிந்து பார்க்கிறேன். கதிர், பாதிரியார் சீகன்பால்கு பற்றிய பத்தியில் அவர் எழுதிய ஒரு நூல் கொடுத்திருக்கிறாயே, 1867, சென்னை என்று. அதற்கு மொழி ஆங்கிலம் என்று இருக்கிறது. ஆனால் அது ஜெர்மன் நூல்.

கதிர்: சென்னையில் அச்சானது அக்கா, அதனால் ஆங்கிலம் என்று நினைத்துவிட்டேன்.

மீனா அக்கா: அவர் அதை எழுதி முடித்தது 1713இல், ஜெர்மனில். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றியது. அந்தக் காலத்தில் அச்சேறாமலேயே கிடந்து, 1867இல்தான் சென்னையில் அச்சானது, அதுவும் ஜெர்மனிலேயே. இரண்டு வருஷம் கழித்து 1869இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது, அதுவும் சென்னையில்தான். நீ பக்க எண் கொடுத்திருப்பது எந்த நூலுக்கு?

கதிர்: நான் படித்தது ஆங்கிலத்தில்தான். அப்படியென்றால் 1869ஆக இருக்க வேண்டும்.

ராமன் சித்தப்பா: அப்படியானால் 1869 நூலைத்தான் கொடுக்க வேண்டும், மொழி ஆங்கிலம். மூலம் ஜெர்மன் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள். நாம் எதைக் கையில் வைத்துப் படித்தோமோ அதன் மொழிதான் அந்தக் கட்டத்தில் வர வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பிலும் இதே சிக்கல்தான். அவர் எழுதியது தமிழில். ஆனால் 1904 முதல் சென்னையில் வெளியான ஆங்கிலப் பெயர்ப்பின் 12 தொகுதிகளைப் பார்த்து எழுதுகிறவர்கள் அநேகம். அதைப் படித்துவிட்டு மொழி தமிழ் என்று போட்டால், சரிபார்க்கிறவர் தமிழ்ப் பதிப்பை எடுத்துவைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தில் இல்லாத வரியைத் தேடிக்கொண்டிருப்பார்.

சாந்தி அத்தை: டென்மார்க்காரர் ஊருக்கு வந்தவர் ஏன் ஜெர்மனில் எழுதினார்?

மீனா அக்கா: சீகன்பால்கு ஜெர்மானியர் அத்தை. டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரடெரிக் அனுப்பி 1706இல் வந்தார். அதனால் அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் எழுதி அனுப்பியது பெரும்பாலும் ஜெர்மனில். 1710 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் அவற்றை அச்சடித்தார்கள். இன்னொன்று கேளுங்கள், 1716இல் ஹாலேயில் வந்த அவருடைய தமிழ் இலக்கண நூல் ஜெர்மனும் இல்லை, டேனிஷும் இல்லை, லத்தீன்!

ராமன் சித்தப்பா: இதற்காகத்தான் சொல்கிறேன். ஆட்சி டேனியருடையது, எழுதியவர் ஜெர்மானியர், அச்சான ஊர் ஹாலே, நூல் லத்தீன், பேசும் பொருள் தமிழ். ஊரையும் ஆளையும் வைத்து மொழியை ஊகித்தால் இந்தக் கட்டுரையில் பாதி தப்பாகத்தான் வரும். நூலைத் திறந்து பார்த்துத்தான் போட வேண்டும்.

கதிர்: சரி சித்தப்பா. ஆனால் டேனிஷ் பக்கங்களை நான் கணினி மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். அதற்கு என்ன போடுவது?

ராமன் சித்தப்பா: மொழி டேனிஷ்தான். கணினி உனக்கு ஆங்கிலத்தில் காட்டியது என்பதால் சான்று ஆங்கிலமாகிவிடாது. ஆண்டு, பெயர், தொகை மாதிரியான விவரத்துக்கு அந்த வாசிப்பு ஓரளவு போதும். யார் எதற்காக என்ன செய்தார்கள் என்று போகும் வாக்கியத்துக்கு அதை நம்பாதே. அந்த இடத்தில் மூல வரியை அடிக்குறிப்பில் எடுத்துப் போட்டுக் கீழே தமிழாக்கமும் கொடு. டேனிஷ் தெரிந்த ஒருவர் என்றைக்காவது பார்த்தால் சரியா தப்பா என்று உடனே சொல்லிவிடுவார்.

மீனா அக்கா: ஹாலே அறிக்கைகள் விஷயத்தில் இன்னும் கவனம். அந்தக் காலத்து ஜெர்மன் அச்சு எழுத்தில் எஸ்ஸும் எஃபும் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும், குறுக்குக் கோடு ஒரு பக்கம் தேய்ந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கணினி எழுத்தைப் படிக்கும்போதே மாற்றிப் படித்துவிடும், பிறகு மொழிபெயர்ப்பு எங்கேயோ போகும். ஜெர்மன் பகுதியை எனக்கு அனுப்பு, சனிக்கிழமை பார்க்கிறேன். பழைய அச்சு என்பதால் நேரம் எடுக்கும், அவசரப்படுத்தாதே.

கதிர்: நன்றி அக்கா, இன்றைக்கே அனுப்புகிறேன். மொழி போட்டால் வேறு என்ன பயன் என்று கேட்கலாமா?

ராமன் சித்தப்பா: ஆங்கில விக்கிப்பீடியாவில் மொழிக் குறி சரியாக இருந்தால், டேனிஷ் சான்று உள்ள கட்டுரைகள் எல்லாம் தானாகவே ஒரு பகுப்பில், அதாவது ஒரே வகைக் கட்டுரைகளின் பட்டியலில், சேரும். டேனிஷ் தெரிந்த பயனர் அந்தப் பகுப்பைத் திறந்தால் எங்கெல்லாம் தன் உதவி தேவைப்படும் என்று பார்த்துக்கொள்ளலாம். குறி இல்லாத சான்று அவர் கண்ணிலேயே படாது.

இன்னொன்று, இதில் எனக்குக் கொஞ்சம் ஆதங்கமே உண்டு. தமிழ் விக்கியில் ஆங்கிலச் சான்றுக்கு மொழி போடுவதில்லை, எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். ஆங்கில விக்கியில் ஆங்கிலச் சான்றுக்குக் குறிப்பு வராது, அங்கே அது சரி, வாசிக்கும் மொழியே அதுதான். அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவருவது சரியில்லை. தமிழில் படிக்க வந்தவருக்கு ஆங்கிலமும் பிறமொழிதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

சாந்தி அத்தை: இதைச் சொன்னாயே தம்பி, ரொம்ப சரி. ஆங்கிலம் என்று தெரிந்தால் நான் திறக்காமலே கதிரிடம் கேட்டுக்கொள்வேன்.

கதிர்: அப்படியென்றால் ஆங்கில விக்கியில் தமிழ் நாளிதழைச் சான்றாகக் கொடுத்தால்? போன மாதம் நம் ஊர்க் கோயில் பற்றி அங்கே எழுதினேன், தமிழ்ச் சான்று செல்லாது என்று ஒருவர் நீக்கிவிட்டார்.

ராமன் சித்தப்பா: தமிழ் என்பதற்காக நீக்க முடியாது. அங்கேயும் ஆங்கிலம் அல்லாத சான்றுக்கு இடம் உண்டு. அதே தரத்தில் ஆங்கிலச் சான்று இருந்தால் அதற்கு முன்னுரிமை, அவ்வளவுதான். பேச்சுப் பக்கத்தில் மரியாதையாக அந்த விதியைச் சுட்டிக்காட்டிவிட்டுத் திரும்பச் சேர். இந்த முறை மொழிக் கட்டத்தில் தமிழுக்கான குறி ta என்று போடு, டேனிஷின் da-வோடு குழம்பாதே, இதற்கு டேபிளில் வரும் டி. தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே விடு, பக்கத்தில் ஆங்கிலத் தலைப்பு, கீழே தேவையான ஒரு வரிக்கு மட்டும் மேற்கோளும் மொழிபெயர்ப்பும். இவ்வளவும் இருந்தால் தமிழ் தெரியாதவரும் என்ன சான்று என்று புரிந்துகொள்வார்.

கதிர்: சரி, முதலில் தரங்கம்பாடியை முடிக்கிறேன். டிகே எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன், 1867ஐ எடுத்துவிட்டு 1869 போட்டாயிற்று. இலக்கண நூலுக்கு லத்தீன். ஆங்கிலச் சான்றுகளுக்கு இனிமேல்தான் போட வேண்டும்.

சாந்தி அத்தை: முடித்ததும் சொல், திரும்பப் படிக்கிறேன்.

மகேஷ்: வேன் ஆறு மணி என்றால் ஐந்தரைக்கு வாசலில் நிற்க வேண்டுமா?

சாந்தி அத்தை: ஆமாம், டிரைவர் காத்திருக்க மாட்டார்.