ஓர் இசைக் கலைஞரைப் புதிதாகக் கேட்கப் போகிறோம், முதலில் எந்த ஆல்பம்?

இந்த இழையில் முதலில் என் சொதப்பலைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் ஒவ்வொருவராக உங்கள் கதைக்கு வாருங்கள்.

2009 வாக்கில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் இருந்தேன். பக்கத்து அறை அண்ணன் வேலை மாறிப் போகும்போது "ஜாஸ் கேளுடா, மைல்ஸ் டேவிஸ் மொத்தமும் இதுல இருக்கு" என்று ஒரு பென் டிரைவைக் கையில் திணித்துவிட்டுப் போனார். திறந்தால் அந்த அமெரிக்க ட்ரம்பெட் கலைஞரின் ஆல்பங்கள், நாற்பது ஃபோல்டருக்கு மேல். எதில் தொடங்குவது என்று போன் போட்டுக் கேட்டிருக்கலாம், வெட்கம் விடவில்லை. ஆங்கில எழுத்து வரிசையில் முதலில் நின்றது 'அகார்த்தா'. சரி, மேலேயிருந்து வருவோம் என்று அதை அமுக்கினேன்.

அரையிருட்டு பாரில் யாரோ மெதுவாக ட்ரம்பெட் ஊதுவார் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தவன் நான். வந்தது எலக்ட்ரிக் கிடார், டிரம்ஸ், நடுவில் ட்ரம்பெட் மாதிரியே இல்லாத ஏதோ ஒன்று தொண்டை கட்டிய வாத்து போலக் கத்துகிறது. முதல் டிராக் மட்டும் அரைமணி நேரத்துக்கு மேல். பத்து நிமிடம் தாங்கினேன், நிறுத்திவிட்டேன். 'இதுதான் ஜாஸா, ஆளை விடுங்கப்பா' என்று முடிவு கட்டி இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. அது 1975 பிப்ரவரி 1 அன்று ஒசாகாவில் மதியம் நடந்த கச்சேரியின் பதிவு, டேவிஸ் ட்ரம்பெட்டை வா-வா பெடல் (ஒலியை வளைத்து நெளிக்கும் கால்கருவி) வழியாக அனுப்பி ஊதிக்கொண்டிருந்தார், அதே வருடம் மேடையை விட்டே ஒதுங்கி ஐந்து வருடம் போல வீட்டில் கிடந்தார் என்பதெல்லாம் ரொம்பப் பிறகு தெரிந்துகொண்டது. ஒருத்தருடைய முப்பது வருடச் சண்டையின் கடைசிக் காட்சிக்குள் டிக்கெட் வாங்காமல் நுழைந்திருக்கிறேன்.

2011-ல் ஆபீஸ் வண்டியில் ஒருவர் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' போட்டார். அதுவும் டேவிஸ் ஆல்பம்தான். ஆரம்பத்தில் பியானோவும் பேஸ் என்கிற தடித்த குரல் தந்தி வாத்தியமும் ஏதோ ரகசியம் பேசுவது போலத் தயங்கித் தயங்கி வரும், பிறகு பேஸ் ஒரு கேள்வி கேட்கும், மற்றவர்கள் இரண்டே சுரத்தில் பதில் சொல்வார்கள். கிண்டியில் இறங்க வேண்டியவன் சைதாப்பேட்டையில் இறங்கினேன். ஆனால் அதிலும் ஒரு வம்பு. 1959-ல் வந்த அந்த ஒரே ஆல்பத்தை ஒரு வருடம் கேட்டுவிட்டு, அவருடைய மற்ற எல்லாமே அதே மாதிரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டேன். எதைப் போட்டாலும் 'இது அது இல்லையே' என்று ஒரு குறை.

என்னைக் காப்பாற்றியது 'இன் அ சைலண்ட் வே'. 1969 பிப்ரவரியில் ஒரே நாளில் பதிவு பண்ணியது, இசைத்தட்டின் இரண்டு பக்கமும் சேர்த்து 38 நிமிடம்தான். எலக்ட்ரிக் பியானோ மூன்று இருக்கிறது, ஆனாலும் சத்தமே இல்லை. தயாரிப்பாளர் டியோ மசேரோ டேப்பை வெட்டி, பக்கத்தின் ஆரம்பத்தில் வந்ததையே எடுத்து முடிவிலும் ஒட்டியிருப்பார். எனக்கு அது பல்லவிக்குத் திரும்பி வருகிற மாதிரித்தான் இருந்தது, அதனால் பயம் போனது. அதில் கிடார் வாசிக்கும் ஜான் மக்லாஃப்லின் அமெரிக்காவுக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. "கிடார் வாசிக்கத் தெரியாதவன் மாதிரி வாசி" என்று டேவிஸ் சொன்னாராம். அதே மக்லாஃப்லின்தான் பிறகு நம் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமோடு, ஜாஸும் இந்திய இசையும் கலந்த சக்தி குழுவில் உட்கார்ந்தவர் என்று தெரிந்ததும் சொந்தக்காரரைப் பார்த்த சந்தோஷம். அந்த வழியாக 'பிட்சஸ் ப்ரூ' போய், கடைசியில் 'அகார்த்தா'வுக்கே திரும்பினேன். இப்போது எனக்குப் பிடித்த ஐந்தில் அதுவும் ஒன்று. யாராவது என்னிடம் கேட்டால் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்று சொல்வதில்லை. அதை எப்படியும் கேட்டுவிடுவார்கள். நடுவில் நிற்கிற ஆல்பத்தைக் கொடு, இரண்டு பக்கமும் நடந்து போகலாம் என்பது என் கட்சி.

* * *

அடுத்து என் கதை. பாகிஸ்தானின் கவ்வாலிப் (சூஃபி பக்திப் பாட்டு) பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானுக்குள் நான் போனது 1997-ல் வந்த ரஹ்மானின் 'வந்தே மாதரம்' கேசட் வழியாக. காயல்பட்டினத்தில் அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அதில் ஒரு பாட்டில் ரஹ்மானோடு பாடுகிற குரல் யாருடையது என்று காக்காவிடம் (எங்கள் ஊரில் அண்ணன்) கேட்டேன், "அவரு மவுத்தாயிட்டாரு" என்றான். அந்த ஆகஸ்ட் 16-ஆம் தேதிதான் லண்டனில் இறந்திருக்கிறார். முதன்முதலாகப் பெயரைக் கேட்கும்போதே ஆள் இல்லை.

கல்லூரிக்குப் போனபின் தேடி வாங்கியது 'மஸ்த் மஸ்த்', 1990-ல் வந்தது. மைக்கேல் ப்ரூக் என்ற கனடாக்காரரோடு சேர்ந்து பண்ணியது. கிடார், கீபோர்டு எல்லாம் இருப்பதால் காதுக்குச் சுலபம், எனக்குப் பிடித்தும் இருந்தது. வீட்டில் போட்டேன், வாப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. நாகூர் ஹனிபா தவிர வேறு யாருக்கும் அசையாத ஆள் என்று விட்டுவிட்டேன். ஒரு வருடம் கழித்து அதற்கு முந்தைய 'ஷாஹென் ஷா' கிடைத்தது, அது பழைய முறை கவ்வாலி. ஹார்மோனியம், தபலா, பின்னால் உட்கார்ந்து கைதட்டும் கூட்டம், அவ்வளவுதான். மூன்றாவது நிமிடம் பார்க்கிறேன், வாப்பாவின் விரல் ஈசிசேர் கட்டையில் தட்டுகிறது. பேப்பர் மடியில் கிடக்கிறது. எங்கள் இருவருக்குமே உருது தெரியாது. ஆனால் நடுவில் அவர் வார்த்தையை விட்டுவிட்டு ச, க, ம என்று சுரத்தில் ஏறிப் போவார் பாருங்கள், அது நமக்குத் தெரிந்த மொழிதானே, ரியை ரே என்கிறார், அது ஒன்றுதான் வித்தியாசம்.

அதனால் மேலே சொன்ன கட்சியில் நான் பாதிதான். சுலபமான ஆல்பத்தில் தொடங்கினால் கலைஞர் பிடித்துப் போவார், சரி. ஆனால் கைதட்டல் இல்லாத நுஸ்ரத்தையே நான் ஒரு வருடம் நுஸ்ரத் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

* * *

ஆல்பமாவது ஒன்றாவது. ஆப்பில் பெயரைப் போட்டால் பிரபலமான பாட்டு என்று ஐந்து வரும், அதில் இரண்டு பிடித்தால் மேலே போவேன், இல்லாவிட்டால் அடுத்த ஆள். உங்கள் அளவுக்குப் பொறுமை இருந்தால் நான் இன்னேரம் வயலின் கற்று முடித்திருப்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

* * *

மேலே உள்ள சகோவுக்கு: ஐந்து பாட்டில் சிக்காத ஆட்களும் உண்டு.

பெரியப்பா இறந்தபோது அவருடைய கேசட் பெட்டி என்னிடம் வந்தது. ஒன்றில் பென்சிலால் 'எம்.டி.ஆர்., சஹானா' என்று மட்டும் எழுதியிருந்தது. போட்டேன். ஆழமான ஆண் குரல், இழுஇழு என்று இழுக்கிறது. சரி, டெக்கில் பெல்ட் தொய்ந்துவிட்டது என்று முடிவு செய்து, பின்பக்க நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்து, ரிச்சி தெருவில் புது பெல்ட் வாங்கி மாட்டி, திரும்பப் போட்டால் அதே வேகம்! சந்தேகத்தில் வேறு ஒரு கேசட்டைப் போட்டேன், ஒழுங்காக ஓடியது. கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதன் பாடுவதே அப்படித்தான்.

பாலக்காட்டுப் பக்கம் மஞ்சப்ராவில் பிறந்து, கலாக்ஷேத்திராவில் டைகர் வரதாச்சாரியாரிடம் கற்றவர். குருவின் பெயரை வைத்து 'வரததாச' என்று முத்திரை போட்டுக் கீர்த்தனைகள் இயற்றியிருக்கிறார். 1984-ல் காலமானார். அந்தக் கேசட்டில் இருந்தது சஹானா ராகத்துக் கீர்த்தனை 'கிரிபை'. ஒரு சங்கதிக்கும் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுவது) அடுத்ததற்கும் நடுவில் அவர் விடுகிற இடைவெளியில் எங்கள் தெருவில் ஒரு ஆட்டோ வந்து திரும்பிப் போய்விடும். பெல்ட் மாற்றிய கடுப்பில் முழுதும் கேட்டேன், அதுதான் நல்லதாகப் போயிற்று. கச்சேரி முழுதும் கிடைத்திருந்தால் முதலில் வரும் வர்ணத்தோடு எழுந்து போயிருப்பேன். என்னைக் கேட்டால் ஆல்பம் வேண்டாம், ஒரே ஒரு ராகம், வேறு வேலை இல்லாத ஒரு ராத்திரி.

* * *

இழையைத் தொடங்கியவன் திரும்ப வந்திருக்கிறேன். பெல்ட் கதையைப் படித்துச் சிரித்து முடிக்கவில்லை, ஏனென்றால் நான் கொண்டாடிய 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வுக்கும் இதே வியாதி, நிஜமாகவே. 1959 மார்ச் 2-ஆம் தேதிப் பதிவில் டேப் இயந்திரம் ஒன்று கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு கொஞ்சம் விரைந்து, சுருதி ஏறி ஒலிக்கும். முதல் பக்கத்து மூன்று பாட்டும் அப்படித்தான் இசைத்தட்டில் வந்தன. ஏப்ரலில் பதிவான இரண்டாவது பக்கம் சரியாக இருந்தது. 1992 வெளியீட்டில்தான் திருத்தினார்கள். அதுவரை கூடவே வாசித்துப் பழகிய பையன்கள் தங்கள் கருவியில்தான் கோளாறு என்று எத்தனை தடவை திருகியிருப்பார்களோ.

என் பென் டிரைவில் இருந்தது எந்தப் பதிப்பு என்று இன்று காலைதான் முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. அந்த அண்ணனிடம்தான் கேட்க வேண்டும். இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எம்.டி.ஆர். நண்பரே, அந்த சஹானா எவ்வளவு நேரம் ஓடும்? நாளை ராத்திரி ரயில், விழுப்புரம் தாண்டும்வரை எனக்கு வேலை எதுவும் இல்லை.