ஆதாயப் பதவியா, ஊதியப் பதவியா? (திங்கள் காலைக்குள் வேண்டும்)

[முனிர்க்கா]
நண்பர்களுக்கு வணக்கம். அரசமைப்புச் சட்ட அறிமுக நூல் ஒன்றைத் தமிழில் பெயர்த்து வருகிறேன். திங்கள் காலை அச்சகத்துக்குப் போகிறது. உறுப்பு 102(1)(அ)வில் வண்டி நின்றுவிட்டது. நாடாளுமன்ற உறுப்பினர் அரசின்கீழ் வகிக்கக் கூடாத அந்தப் பதவிக்கு, ஆங்கிலத்தில் 'office of profit' என்பதற்கு, தமிழில் என்ன பெயர்? செய்தித்தாள்கள் 'ஆதாயம் தரும் இரட்டைப் பதவி' என்கின்றன. பக்கத்துக்குப் பக்கம் வரும் சொல். இத்தனை நீளம் தாங்காது.

[ஜனக்புரி]
முதலில் 'இரட்டை'யை வெட்டுங்கள். எண்ணிக்கை இங்கே குற்றமே அல்ல. அமைச்சரும் உறுப்பினர்தான், அவருக்கு அந்த உறுப்பிலேயே விலக்கு இருக்கிறது. தேர்தலில் நிற்பவர் கையில் இருப்பதோ ஒரே பதவி. அதுவே அவரைத் தடுக்கும். 'இரட்டை' 101(2)க்குத்தான் பொருந்தும். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் ஒருசேர அமர முடியாது. 1950ஆம் ஆண்டு விதிகளின்படி 14 நாளுக்குள் சட்டமன்ற இடத்தை விடாவிட்டால் நாடாளுமன்ற இடம் காலி. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டியது பத்திரிகைகளின் வேலை.

அடுத்து, 'ஆதாயம்' வடசொல். 'ஊதியப் பதவி' என்று எழுதுங்கள். ஊதியம் என்றால் இலாபம்; 'ஊதியம் இல்லை உயிர்க்கு' என்று 231ஆம் குறள் சொல்வது மாதச் சம்பளத்தையா? முதல் ஊதிப் பெருகுவதால் ஊதியம். துருத்தி ஊதுவதும் இதே வேர்தான். விரிவாகத் தனி மடல் எழுதுகிறேன்.

[மயூர் விஹார்]
தனி மடல் வேண்டாம் ஐயா, நம்புகிறோம். ஆனால் 'ஆதாயம்' வடசொல் என்று துரத்திவிட்டு, 'பதவி'க்கு மட்டும் நாற்காலி போட்டுவிட்டீர்களே?

வள்ளுவர் காலத்து இலாபம் இன்று சம்பளமாகிவிட்டது. 'ஊதியப் பதவி' என்று எழுதினால், "நான் சம்பளமே வாங்கவில்லையே" என்று எவரும் தப்பலாம். மாநிலங்களவை உறுப்பினராக இருந்த நடிகை ஜெயா பச்சன் வழக்கே இதுதான். உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சி மன்றத் தலைவர் பதவி. மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம், ஓட்டுநருடன் கார். தாம் எதையும் பெறவில்லை என்றார். வாங்கினாரா என்பது கேள்வியல்ல, வாங்க இடம் இருந்ததா என்பதே கேள்வி என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாநிலங்களவை இடம் போனது போனதுதான்.

[லோதி சாலை]
அப்படியானால் வினைத்தொகை இருக்கக் கவலை ஏன்? 'ஆதாயந்தரு பதவி'. தந்த, தருகிற, தரும் என மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கின்றன. தராமலே போனாலும் தரும் இயல்பு இருக்கிறது. தீர்ப்பை இலக்கணமே எழுதிவைத்திருக்கிறது! வினைத்தொகையில் வல்லினம் மிகாது. அச்சகத்தார் நடுவில் 'ப்' சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

[துவாரகா]
இலக்கணம் அருமை. ஆனால் நம் தில்லியையே மறந்துவிட்டீர்களே. 2015இல் அமைச்சர்களுக்கு உதவும் 'நாடாளுமன்றச் செயலாளர்'களாக அமர்த்தப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்களும் சம்பளம் இல்லை என்றுதான் வாதாடினார்கள். 2018 ஜனவரியில் 20 பேரின் பதவி பறிபோனது; தேர்தல் ஆணையம் அவர்கள் தரப்பை முறையாகக் கேட்கவில்லை என்று மார்ச்சில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இதே சிக்கலில் 2006இல் சோனியா காந்தி மக்களவையிலிருந்து விலகி, ரேபரேலியில் மறுபடி நின்று வென்றார். அதே ஆண்டு, எந்தெந்தப் பதவிகள் தகுதியைப் பறிக்காது என்று சொல்லும் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி விலக்குப் பட்டியலை நீட்டினார்கள். ஜனக்புரி ஐயா சொன்ன ஊதிப் பெருகுதல் அந்தப் பட்டியலுக்குத்தான் பொருந்துகிறது.

[ஜனக்புரி]
கேலி இருக்கட்டும். பொருள் மாறியது மக்கள் குற்றம், சொல்லின் குற்றமல்ல. பாடநூலில் நாலு முறை வந்தால் பழைய பொருள் தானே திரும்பும்.

[மயூர் விஹார்]
அதுவரை மாணவர்கள் தேர்வில் 'சம்பளம் வாங்கும் வேலை' என்று எழுதிக்கொண்டிருக்கட்டுமா?

[முனிர்க்கா]
இரவு பதினொன்றாகிவிட்டது. பெரும்பாலோர் பக்கம் சாய்கிறேன். முதல் இடத்தில் 'ஆதாயந்தரு பதவி' என்று எழுதி விளக்கம் தருகிறேன். பிறகு எங்கும் 'ஆதாயப் பதவி'. 101(2)க்கு மட்டும் 'இரட்டை உறுப்பாண்மை'.

[ஜனக்புரி]
'உறுப்பாண்மை' சரி. மற்றதற்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். சொல்லடைவிலாவது 'ஊதியப் பதவி'க்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

[துவாரகா]
ஒன்று விட்டுப்போயிற்று. உறுப்பினர் தகுதி இழந்தாரா என்ற கேள்வியை முடிவு செய்யும் உறுப்பு 103இல் வருவது தகுதியிழப்பா, தகுதிநீக்கமா? தானாக இழப்பதும் ஒருவர் நீக்குவதும் ஒன்றல்லவே.

[லோதி சாலை]
ஐயா, அவரைத் தூங்க விடுங்கள்.