மறு: கோல்ஃப் ‘கிளப்’புக்கு என்ன சொல்? புதிதாக மட்டை வாங்குபவருக்கு வேண்டிய சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

> கோல்ஃப் பழகத் தொடங்குவோருக்காக ஒரு சிறு கையேடு எழுதுகிறேன். கிளப், டிரைவர், வுட், அயர்ன், வெட்ஜ், லாஃப்ட், ஃப்ளெக்ஸ், கேவிட்டி பேக், ஃபர்கிவ்னஸ், பவுன்ஸ் இவற்றுக்கெல்லாம் தமிழில் என்ன எழுதலாம்?

தம்பி கேட்டது பத்துச் சொல். நம் இழை முதல் சொல்லிலேயே நின்றுவிட்டது. அதில் தப்பில்லை, அந்தச் சொல் அப்படி. ‘கோல்ஃப் கிளப் வாங்குவது எப்படி’ என்று எழுதினால், கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பையே விலைபேசப் போகிறார் என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஆடும் கருவிக்கும் ஆடுபவர்கள் கூடும் சங்கத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். அந்தக் குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டாம்.

> செண்டு என்றே சொல்லலாமே? நுனி வளைந்த கோல்தான் செண்டு. ஐயனாருக்குச் செண்டாயுதன் என்று பெயர். உக்கிரபாண்டியன் மேருவையே செண்டால் அடித்தவன்.

ஐயா, படிக்கும்போதே சிலிர்த்தது. உருவமும் பொருந்துகிறது, அடிக்கிற வேலையும் பொருந்துகிறது. ஆனால் இன்று ‘நல்ல செண்டு ஒன்று வாங்கினேன்’ என்றால் ஒருவர் மோந்து பார்க்க வருவார், இன்னொருவர் யாருக்குக் கல்யாணம் என்று கேட்பார். செண்டலங்காரப் பெருமாளை வைத்திருக்கும் மன்னார்குடிக்காரர்கள் கோபிக்கக் கூடாது. கையேடு படிப்பவர் கடைக்குப் போகிற அவசரத்தில் இருப்பவர். ஒவ்வொரு முறையும் நின்று விளக்கம் படிக்க மாட்டார்.

கோல் என்றும் ஒருவர் சொன்னார். ‘கோல்ஃப் கோல்’ நாக்கில் உருளவில்லை, போதாததற்குக் கால்பந்து கோல் வேறு இருக்கிறது. கழி என்றால் கணக்குப் பாடம் ஞாபகம் வருகிறது. என் ஓட்டு மட்டைக்கு. கிரிக்கெட்டுக்கும் ஹாக்கிக்கும் மட்டை என்றே சொல்லிப் பழகிவிட்டோம், இதுவும் அந்த வரிசையில் சேரட்டும். புதுச்சொல் உண்டாக்கிய பெருமை கிடைக்காது, பரவாயில்லை.

இதற்குப் பிறகுதான் எனக்கு மாற்றுக்கருத்து. பட்டியலில் இருப்பவை இரண்டு வகைச் சொற்கள். வுட் (தூரத்துக்கு அடிக்கும் பருத்த தலை மட்டை), டிரைவர் (வுட்டுகளிலேயே நீளமானது), அயர்ன் (நடுத்தூரத்துக்கான மெல்லிய உலோகத் தலை மட்டை), வெட்ஜ் (கிட்டத்திலிருந்து பந்தை உயரத் தூக்கும் மட்டை) ஆகியவை மட்டைகளின் பெயர்கள். லாஃப்ட், ஃப்ளெக்ஸ், பவுன்ஸ் ஆகியவை மட்டைகளின் குணங்கள். பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் விட்டுவிடலாம் என்கிறேன். கடையில் அவற்றைத்தான் கேட்டு வாங்க வேண்டும். பையில் இருக்கும் துண்டுச்சீட்டிலும் அவைதான் இருக்கும். குணங்களைக் கட்டாயம் தமிழில் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர் ஏமாறும் இடம் அதுதான். ‘ஆர் ஃப்ளெக்ஸ், பத்தரை லாஃப்ட், ஃபர்கிவிங் ஹெட்’ என்று விற்பனையாளர் அடுக்கும்போது தலையாட்டிவிட்டுப் பணத்தை எடுத்து வைப்பவர்களே அதிகம்.

பெயர்களை ஆங்கிலேயரே கைவிட்ட கதையும் உண்டு. ஹிக்கரி மரத்தண்டுக் காலத்தில் ஒவ்வொரு மட்டைக்கும் ஒரு பெயர்: மாஷி, நிப்ளிக், ஸ்பூன், பிராசி, கிளீக். எஃகுத் தண்டு 1920களில் அனுமதி பெற்று, ஒரே அளவுத் திட்டத்தில் செய்த தொகுப்புகள் விற்பனைக்கு வந்ததும் இந்தப் பெயர்கள் போய் எண்கள் வந்தன. மாஷி ஐந்தாம் எண் ஆனது, நிப்ளிக் ஒன்பதாம் எண் ஆனது. அவர்களே எண்ணுக்குப் போய்விட்ட பிறகு நாம் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தூய பெயர் சூட்டுவது வீண் வேலை.

> அயர்ன் என்றால் துணி தேய்ப்பது இல்லையா?

ஆமாம். ஆனால் ‘ஏழாம் எண் அயர்ன்’ என்றால் யாரும் சட்டையைக் கொண்டுவந்து நீட்ட மாட்டார்கள். வுட்டைக் கட்டை என்று மொழிபெயர்க்கும் யோசனைதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு காலத்தில் அது பர்சிமன் மரத்தில் செய்தது உண்மை (நம் கருங்காலியின் சொந்தக்கார மரம்). 1979-இல் டெய்லர்மேட் நிறுவனம் உலோகத் தலை வைத்த வுட்டை விற்கத் தொடங்கியது. இப்போது டிரைவர் தலை பெரும்பாலும் டைட்டானியம். மரமும் இல்லை. அதோடு நமக்குக் கட்டை என்றால் குட்டை என்றும் பொருள். பையிலேயே நீளமான மட்டைகளுக்கு அந்தப் பெயரா? டிரைவரை ‘ஓட்டுநர்’ ஆக்கிய எந்திர மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சரி, குணங்களுக்கு வருவோம்.

லாஃப்ட்: மட்டையின் முகம் (பந்தில் படும் பக்கம்) செங்குத்திலிருந்து எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்ற கோணம். வெறும் ‘சாய்வு’ போதாது. லை என்று இன்னொரு கோணம் இருக்கிறது, தண்டு தரையோடு சேரும் கோணம். இரண்டும் சாய்வுதான். ஆகவே லாஃப்ட் = முகச்சாய்வு, லை = தண்டுச்சாய்வு. ‘ஏற்றம்’ என்ற யோசனை அழகுதான், ஆனால் அது பந்து செய்வதைச் சொல்கிறது, மட்டையில் அளக்கக்கூடியதைச் சொல்லவில்லை.

கையேட்டில் இந்த இடத்தில் தம்பி கொஞ்சம் நின்று எழுத வேண்டும். முகச்சாய்வு குறையக் குறையப் பந்து தாழ்வாகவும் தூரமாகவும் போகும் என்பதை எல்லாரும் எழுதுகிறார்கள். சாய்வு குறைந்த முகம் கொஞ்சம் கோணலாகப் பட்டாலே பந்து பக்கவாட்டில் நன்றாக வளைந்து ஓடிவிடும் என்பதைச் சொல்வதில்லை. அதனால்தான் புதியவருக்கு 9 பாகை டிரைவர் வேண்டாம், பத்தரை அல்லது 12 பாகை வாங்கு என்கிறார்கள். இன்னொன்று: அயர்னில் எண் குறையக் குறைய முகச்சாய்வும் குறையும், ஆனாலும் பொறித்த எண்ணை நம்பக் கூடாது. முன்பு ஏழாம் எண் அயர்னின் முகச்சாய்வு 35 பாகையை ஒட்டி இருந்தது. இன்று புதியவருக்கென்று விற்கும் பல தொகுப்புகளில் அது 30-க்கும் கீழே. ‘என் ஏழாம் எண் உன்னுடையதைவிடத் தூரம் போகுது’ என்று பெருமைப்படுபவர் கையில் இருப்பது பழைய கணக்கில் ஆறாம் எண்ணோ ஐந்தாம் எண்ணோ. பழைய தொகுப்பையும் புதிய தொகுப்பையும் கலந்து வாங்கினால் நடுவில் ஒரு தூரத்துக்கு மட்டையே இல்லாமல் போகும். எண்ணைப் பார்க்காதே, பாகையைப் பார் என்று சொல்லத் தமிழில் முகச்சாய்வு வேண்டும்.

ஃப்ளெக்ஸ்: வீசும்போது தண்டு எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்பது. நெகிழ்வு என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். நெகிழியால் அந்த வேர் பிளாஸ்டிக்குக்குப் போய்விட்டது. வளைவு என்றால் வளைந்தே கிடப்பது என்று தோன்றும். நான் துவள்வு என்பேன். தூண்டில் கழி துவண்டு நிமிர்வதைப் பார்த்தவருக்கு உடனே விளங்கும். எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று தண்டில் குறித்த எழுத்து நகர நகரத் துவள்வு குறையும். மெதுவாக வீசுபவருக்குத் துவள்வு கூடிய தண்டு, வேகமாக வீசுபவருக்குக் குறைந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து ‘தண்டு விறைப்பு’ என்று சொல்லலாம் என்று எழுதிய நண்பர், அதை ஒருமுறை வீட்டில் உரக்கப் படித்துப் பார்க்கட்டும்.

கிராஃபைட் தண்டைக் காரீயத் தண்டு என்று எழுத வேண்டாம். அது பென்சில் காரீயம் இல்லை, பிசினில் பொதிந்த கார்பன் இழை. கரியிழைத் தண்டு போதும். எஃகைவிட எடை குறைவு.

கேவிட்டி பேக்: குழிமுதுகு. இதில் யாரும் சண்டைக்கு வர மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். தலையின் பின்புறம் நடுவில் குடைந்து, அந்த எடையைச் சுற்றோரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் 1960களில் பெரிதாக வளர்த்த உத்தி இது. எடை ஓரத்தில் இருந்தால் பந்து நடுவில் படாமல் தள்ளிப் பட்டாலும் தலை அவ்வளவாகத் திரும்பாது. இயற்பியலில் நாம் படித்த நிலைமத் திருப்புத்திறன்தான். இதற்கு எதிர், குழியில்லாத மெல்லிய அயர்ன்: தகட்டு அயர்ன். பார்க்க அழகாக இருக்கும். புதியவர் கையில் எடுக்கவே கூடாது.

இதோடு சேர்ந்ததுதான் ஃபர்கிவ்னஸ், அதாவது தள்ளிப் பட்டாலும் அடி அவ்வளவாகக் கெடாத குணம். ‘மன்னிக்கும் மட்டை’ என்று ஒரு தளத்தில் படித்தேன். மட்டை என்ன பாதிரியாரா? கணிப்பொறிக்காரர்கள் பிழைதாங்கல் என்று வைத்திருக்கிறார்கள், அது எந்திரத்துக்குச் சரி. எனக்குப் பொறுதி பிடித்திருக்கிறது. ‘இந்த அயர்னுக்குப் பொறுதி அதிகம்’ என்றால் ஆடத் தெரியாதவருக்கும் புரியும்.

முகத்தில் பந்து பட வேண்டிய சரியான இடமான ஸ்வீட் ஸ்பாட்டுக்கு இனிய புள்ளி, தேன்புள்ளி எல்லாம் வேண்டாம். நடு. ‘நடுவில் பட்டது’. முடிந்தது.

பவுன்ஸ்தான் இடிக்கிறது. பந்து துள்ளுவதோடு இதற்குச் சம்பந்தமே இல்லை. வெட்ஜின் அடிப்பாகம் எவ்வளவு கீழ்நோக்கிப் புடைத்திருக்கிறது என்பதன் கோணம் அது. புடைப்பு இருந்தால் மட்டை மணலில் கத்திபோல் இறங்காமல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசன் 1930களின் தொடக்கத்தில் தன் மட்டையின் அடியில் உலோகம் சேர்த்துப் பார்த்தது இதற்குத்தான். 1932 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை வென்றபோது அந்த மட்டை அவர் பையில் இருந்தது. அடிப்புடைப்பு என்று போட்டிருக்கிறேன். மணலுக்கான வெட்ஜில் புதியவருக்கு 10 பாகைக்கு மேல் அடிப்புடைப்பு இருப்பது நல்லது. இதைவிடச் சின்னச் சொல் இருந்தால் கொடுங்கள்.

கேடியைப் பற்றிக் கேட்டீர்கள். பை தூக்கி வருபவரைக் கேடி என்று எழுதினால் போலீஸ் பட்டியலில் சேர்ந்துவிடுவார். ‘பையாள்’ என்று வையுங்கள்.

அன்புடன்,
சென்னையிலிருந்து

———

ஐயாவுக்கு வணக்கம்.

மட்டைக்கு எனக்கும் சம்மதம், ஆனால் காரணம் வேறு. எங்கள் இலங்கைப் பக்கத்தில் கிரிக்கெட் துடுப்பாட்டம், பேட் துடுப்பு. ஆகவே மட்டை எங்களுக்குக் கிரிக்கெட்டோடு ஒட்டிக்கொண்ட சொல் இல்லை. பனைமட்டை, தென்னைமட்டையோடு சரி. குழப்பம் குறைவு.

நிலைமத் திருப்புத்திறன் என்று போட்டால் இலங்கையில் படித்த பிள்ளைகள் முழிப்பார்கள். எங்களுக்கு அது சடத்துவத் திருப்பம். கையேட்டில் இரண்டையும் போடாமல் ‘ஓர எடை’ என்று மட்டும் சொல்லிவிட்டால் இரு கரைக்கும் ஆகும்.

மட்டைப் பெயர்களை எல்லாம் அப்படியே விடலாம் என்பதில் ஒரு விதிவிலக்குக் கேட்கிறேன். கடைசியில் பந்தைக் குழிக்குள் தள்ளும் பட்டரை ஏன் உருட்டுமட்டை என்று சொல்லக் கூடாது? அது செய்வது உருட்டல் ஒன்றுதான். டிரைவர் போலப் பொருள் மறைந்த பெயரும் இல்லை. அத்தோடு தமிழில் ‘பட்டர்’ என்று எழுதினால் பாணில் பூசுவதா, கோயிலில் பூசை செய்பவரா, இதுவா என்று தெரியாது.

இன்னொரு கேள்வி. பையில் பதினான்கு மட்டை வைக்கலாம் என்கிறார்களே, தொடங்குபவர் பதினான்கும் வாங்க வேண்டுமா? நுவரெலியாவில் நான் பார்த்த பலர் பாதிப் பையோடுதான் ஆடினார்கள்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து

———

அம்மா, ஓர எடை நல்ல தீர்வு. தம்பி அதையே எடுத்துக்கொள்ளட்டும்.

பதினான்கு என்பது உச்சவரம்பு மட்டுமே. 1938-இல் அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் அந்த வரம்பைக் கொண்டுவரும் முன் இருபதுக்கு மேல் சுமந்தவர்கள் இருந்தார்கள், சுமந்தது பையாள் என்பது வேறு விஷயம். கீழ்வரம்பு எதுவும் இல்லை. ஒரு ஹைப்ரிட் (வுட்டும் அயர்னும் கலந்த மட்டை), ஆறு, எட்டு எண் அயர்ன்கள், பிட்சிங் வெட்ஜ், மணல் வெட்ஜ், பட்டர், மனம் கேட்காவிட்டால் ஒரு டிரைவர். ஏழு மட்டை. இதற்கு அரைத்தொகுப்பு என்று பெயர் வைக்கலாம். மூன்று, நான்கு எண் அயர்ன்களைப் புதியவரிடம் விற்பது பாவம், அந்த இடத்துக்குத்தான் ஹைப்ரிட் வந்தது.

உருட்டுமட்டை அருமை. இப்போதைய பிள்ளைகளுக்கு ‘உருட்டு’ என்றால் கதைவிடுவது என்பதால் மீம் போடுவார்கள். போடட்டும், சொல் பரவும். இந்த ஒரு மட்டைக்குத் தமிழ்ப்பெயர் வைப்பதில் எனக்கும் ஆசை வந்துவிட்டது. பார் என்பது தேர்ந்த ஆட்டக்காரர் திடலை முடிக்க வேண்டிய அடிகளின் எண்ணிக்கை. பதினெட்டுக் குழிக்குப் பார் 72 என்று குறித்த திடலில் குழிக்கு இரண்டு உருட்டல் என்று கணக்கிட்டே பார் வைக்கிறார்கள். அதாவது 72 அடியில் 36 இதனோடு போகிறது. ஆனால் புதியவர் டிரைவருக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு, இதைத் தொகுப்போடு இலவசமாக வந்ததிலேயே ஓட்டிவிடுகிறார். தம்பி, உன் கையேட்டில் உருட்டுமட்டையை முதல் அத்தியாயத்துக்குக் கொண்டுவா. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 33 முதல் 35 அங்குலம். குனிந்து நின்று பந்தைப் பார்க்கும்போது கண் பந்துக்கு நேர்மேலே அல்லது சற்றே உட்பக்கம் வர வேண்டும், கை தளர்ந்து தொங்க வேண்டும். அந்த நிலையில் தலையின் அடி தரையில் முழுதாகப் படிந்தால் நீளமும் தண்டுச்சாய்வும் சரி. நுனி தூக்கிக்கொண்டு நின்றால் அதைவிடக் குட்டையானதை எடுத்துப் பார்க்கச் சொல்.